ஈரச் சுவர்

கரப்பான் பூச்சியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் அதன் வலப்பக்க மீசையில் துளி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அந்தப் பக்கம் ஏதோ சுவர் இருக்கிறது என்று நம்பி அது விலகிப் போகும். ஆய்வுக்கூடத்தின் வெறுந்தரையில், ரிமோட்டும் கையுமாக, நாச்சியார் மழைக்காலம் முழுக்க இப்படித்தான் இல்லாத சுவர்களை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

சோதனை முடிந்த அன்று பூச்சியை ஐஸில் வைத்து உறங்கச் செய்து, முதுகிலிருந்த சிப்பையும் மீசைக் கம்பிகளையும் பதமாகக் கழற்றினாள். விழித்ததும் தரையில் விட்டாள். கதவு திறந்தே இருந்தது. அது வாசலைப் பார்த்து ஓடியது. பாதியில் நின்று, வெறும் காற்றை மீசையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மறுபடி ஓடியது. அதே இடத்தில் மறுபடி திரும்பியது.

"இன்னும் சிக்னல் போகுதா மேடம்?" என்றான் கூட வேலை பார்க்கும் பெனடிக்ட்.

"ரிமோட்ல பேட்டரியே இல்லப்பா."

"அப்ப நீங்களே தூக்கி வெளியில விட்டுருங்க. பாவம்."

நாச்சியார் எழுந்து நடந்தாள். வாசல் வெளிச்சம் தரையெல்லாம் பாலாகப் பரவிக் கிடந்தது. பூச்சியை எடுக்கக் குனிந்தவளின் நெற்றி எதிலோ போய் முட்டியது. எதிரே ஒன்றுமில்லை. கையை நீட்டித் தடவினாள்.

சுவர்ப் பூச்சு இன்னும் காயவில்லை.