இரவல் சூடு

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் சூளையை மூட்டிவிட வேண்டுமென்று மாடக்கண்ணு வேளார் பரபரத்தார். முற்றத்தில் காயவைத்திருந்த சுடாத பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கன்னத்தில் ஒட்டிப் பார்த்தார்.

"சில்லுன்னு இருந்தா ஒதுக்கி வையி. ஈரத்தோட ஒண்ணு உள்ளே போனாலும் அது வெடிச்சு, பக்கத்துல இருக்கிறதையும் உடைச்சிடும்" என்று மனைவியிடம் சொன்னார்.

வரிசைக் கடைசியில் நின்ற சாடிக்கு உயிரே போய்விட்டது. நேற்று சாயங்காலம்தான் அதை வனைந்திருந்தார்கள். அடிப்பக்கம் இன்னும் காயவில்லை.

"அக்கா, என்னை ஒதுக்கிட்டா மழையில கரைஞ்சு சேறாயிடுவேன்" என்று பக்கத்துக் குடத்திடம் அழுதது.

நாலு நாள் வெயிலில் காய்ந்த குடத்துக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதே. என்மேல சாஞ்சு நில்லு, என் சூடு உனக்கும் ஏறிடும். கொஞ்சூண்டு ஈரம்தானே? உள்ளே போனா தானா காஞ்சுடும்."

வேளார் சாடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். ஒரு கணம் தயங்கினார். முதல் தூறல் அவர் தோளில் விழுந்தது.

"சூடாத்தான் இருக்கு" என்று குடத்தையும் சாடியையும் கொண்டுபோய்ச் சூளையில் ஒட்டினாற்போல அடுக்கினார். மேலே வைக்கோல் போட்டு மண்ணால் மூடினார்கள். கீழே தீ பிடித்தது.

"அக்கா, அடியில என்னமோ கொதிக்குது."

குடம் விலகப் பார்த்தது. அசைய இடமில்லை.

"அக்கா, வயிறு உப்புது."

"தள்ளி நில்லுடி!" என்று குடம் அலறியது.

"எப்படிக்கா?" என்றது சாடி. "நீதானே சாஞ்சு நிக்கச் சொன்னே?"