காரம் பிசறிய இறக்கைகள்

கப்பலில் சமையல்காரனாக இருந்து விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கும் செல்லதுரை, அங்கே கற்ற கேஜன் என்னும் அமெரிக்கக் கார மசாலாவைப் பிசறிய கோழி இறக்கைகளை எண்ணெயில் போடுகிறான். பூண்டும் மிளகாயும் பொரியும் நெடி அடுப்படியில் நிறைகிறது. சீர்காழிப் பக்கத்து வயலில், கதிர் வந்த பயிரின் மேல் எரிவாயுக் குழாய் பதிக்க வந்த இயந்திரத்தின் முன்னால் படுத்த அவன் அப்பா காயாரோகணத்தைக் காலையில் போலீஸ் கொண்டுபோனது. மாலை மங்கும் இந்நேரத்தில்தான் விட்டிருக்கிறார்கள். வயல் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தவர், சட்டையில் காய்ந்த சேற்றோடு தட்டின் முன் உட்கார்கிறார். மருமகள் அம்சம், தூரத்து இயந்திரச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்துகிறாள்.

"சூடா சாப்பிடுங்க மாமா."

அவர் ஓர் இறக்கையைக் கடிக்கிறார். உதட்டில் சிவப்பு எண்ணெய் மினுங்குகிறது.

"நல்லா காரமா இருக்குடா. நம்ம வயல தோண்டிட்டாங்களா?"

செல்லதுரை அவர் முகத்தைப் பார்க்காமல் இன்னோர் இறக்கையை எடுத்து அவர் தட்டில் வைக்கிறான். மென்றுகொண்டிருந்த அவர் வாய் நின்றுவிடுகிறது.