டெண்டர் இல்லாத வேலை

காண்ட்ராக்டர் சௌந்தரராஜன் பையிலிருந்து கனமான ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்ததும், வசுமதி முதலில் அறைக் கதவைத்தான் பார்த்தாள். நல்லவேளை, அது விரியத் திறந்திருந்தது.

"எடுங்க அதை. இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"ஐயோ மேடம், போட்டோ! வெறும் போட்டோ!" அவர் அவசர அவசரமாகக் கவரைக் கவிழ்த்தார். நகரின் கிடர்பூர் பகுதியில் இருக்கும் பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் படங்கள் சரிந்து விழுந்தன. சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது.

"இன்னிக்கே எமர்ஜென்சி ஆர்டர் போட்டாகணும். முட்டுக் கொடுக்கலேன்னா இந்த மழைக்கே விழுந்துடும்."

வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. மாநகராட்சியின் கட்டடப் பிரிவில் இன்ஜினியராக இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் அவள். 'எமர்ஜென்சி' என்று சொல்லாத காண்ட்ராக்டரை அவள் இன்னும் சந்திக்கவில்லை.

எந்த வேலையானாலும் டெண்டர் விட வேண்டும், போட்டியில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வாரமாவது ஆகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டெண்டரே இல்லாமல் யாராவது ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கலாம். அந்த 'மட்டும்' என்ற சந்தில் நுழைந்து சொந்த வீடு கட்டியவர்கள் உண்டு. அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டுத்தான் சஸ்பெண்ட் ஆனார்.

போதாக்குறைக்கு வங்காளிகள் நிறைந்த இந்த ஆபீசில் இந்த மனிதர் அவளிடம் தமிழில் வேறு பேசுகிறார். மதராஸி மேடம் மதராஸி காண்ட்ராக்டருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பேசுவார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாமே எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுத்தவை. பாதிக்கு மேல் இரண்டாவது மாடி பால்கனிதான். உள்சுவர், தூண், உத்தரம் எதையும் காணோம்.

"உள்ள போய்ப் பாக்கலியா?"

"போக முடியலை மேடம்."

"உள்ள போகாமலே விழுந்துடும்னு சொல்றீங்க?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த ஊர்லதான், லேக் மார்க்கெட்ல இருந்துண்டு இதே தொழில்தான். வெளியிலேர்ந்து பார்த்தாலே தெரியும்."

"எஸ்டிமேட் எங்க?"

"அதை நீங்களே போட்டுக்கோங்கோ."

வசுமதிக்குச் சுருக்கென்றது. ரேட்டை அதிகாரியிடமே விட்டுவிடுகிற காண்ட்ராக்டரா! எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள், உன் பங்கு உனக்கு என்று அர்த்தம். எப்படியெல்லாம் தூண்டில் போடுகிறார்கள்!

ஜூனியர் இன்ஜினியர் மேக்னா வேறொரு வேலையாகக் கிடர்பூரில்தான் இருந்தாள். அவளைப் போனில் பிடித்து அந்தக் கட்டடத்துக்குப் போகச் சொன்னாள் வசுமதி. சௌந்தரராஜன் எழுந்து போகவில்லை. கொடுத்த டீயையும் குடிக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வழியாக மேக்னா கூப்பிட்டாள். "விரிசல் நிஜம் அக்கா, என் கையே உள்ளே போகிறது!" என்று வங்காளத்தில் படபடத்தாள். "குடியிருப்பவர்கள் நகர மாட்டேன் என்கிறார்கள். ஒரு தடவை காலி செய்தால் வீட்டுக்காரர் திரும்ப விட மாட்டார் என்று பயம். எமர்ஜென்சி ஆர்டரோடு போலீஸ் வந்தால்தான் இறங்குவார்கள்."

ஆக, விரிசல் உண்மை. ஆனால் எதிரே இருக்கும் ஆள் உண்மையா? வசுமதிக்கு ஒரு யோசனை தோன்றியது.

அவசர உத்தரவை எழுதினாள். முட்டுக் கொடுக்கும் வேலையை மட்டும் நியூ டவுனில் இருக்கும் வேறொரு கம்பெனியின் பெயரில் போட்டாள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முகத்தையே கவனித்தாள். இப்போது குதிப்பார், கவுன்சிலரைத் தெரியும் என்பார், சாயம் வெளுத்துவிடும்.

சௌந்தரராஜன் நிதானமாகப் படித்தார்.

"போலீஸ் இன்னிக்கே போயிடுமா மேடம்?"

"போகும். ஆனா வேலை உங்களுக்கு இல்ல. கம்பெனி பேரைப் பாத்தீங்களா?"

"யார் வேணா பண்ணட்டும். இருட்டறதுக்குள்ள எல்லாரையும் இறக்கிடுவாங்களா?"

கையெழுத்துப் போட எடுத்த வசுமதியின் பேனா பாதியில் நின்றுவிட்டது. வேலை வேண்டாம், காசு வேண்டாம், வீடு காலியானால் போதும். ஓ, அப்படியா சங்கதி! அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஏழைக் குடித்தனக்காரர்களைத் தெருவில் நிறுத்த அவள் கையெழுத்தா கிடைத்தது?

"வீட்டுக்காரரோட ஆளா நீங்க? குடியிருக்கறவங்களைத் துரத்த எவ்வளவு வாங்கினீங்க?"

அவர் கலைந்து கிடந்த படங்களை ஒன்று சேர்த்து, பால்கனிப் படத்தை மேலாக வைத்தார்.

"கையெழுத்தைப் போட்டுடுங்கோ மேடம்," என்று கைகூப்பினார். "ரெண்டாவது மாடியில என் பொண்ணு இருக்கா. நான் தட்டினா கதவைத் திறக்க மாட்டா."