நீளக் குழல்

காப்பித் தோட்டத்து முதலாளி வாசல் மேசையில் இரண்டு துப்பாக்கிகளைக் கிடத்தியிருந்தார். ஒன்றின் குழல் குட்டை. மற்றது அதைவிட ஒரு சாண் நீளம். பன்றிக்கு எதை எடுப்பது என்பதுதான் பேச்சு. தோட்டாப் பெட்டியை ஏந்தி நின்ற கூலியாள் மாயழகுக்குக் கண் அங்கே நிற்கவில்லை. பள்ளத்துக்கு அப்பால், எதிர்ச்சரிவுப் புதருக்குள் அவன் பெண்டாட்டி சிட்டம்மா திருட்டுத்தனமாகப் புல்லறுத்துக்கொண்டிருந்தாள். அது முதலாளியின் புல். அதை அறுத்ததற்காகப் போன மாதம்தான் ஒரு குடும்பத்தையே மலையை விட்டு இறக்கியிருந்தார்.

"குட்டைக் குழலே போதும்ங்க. புதருக்குள்ள தூக்கிட்டு நடக்கத் தோதா இருக்கும்."

"நடக்கவாடா வாங்குனேன்? நீளக் குழல்னா வேகம் கூடும். இங்கன நின்னே அங்கன போடலாம்."

"அப்பச் சின்னத் தோட்டாவாப் போடுங்க."

"காத்து தள்ளிட்டுப் போயிரும். கனத்ததுதான் கோடு மாதிரிப் போகும்." கனத்ததை உள்ளே தள்ளிப் பூட்டினார். "என்ன மாயழகு, பன்னி உனக்குச் சம்பந்தியா?"

அவன் சிரித்துவைத்தான். எதிரே புதர் அசைந்தது.

"அந்தா, மேயுது" என்று முதலாளி துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பொருத்தினார்.

"நான் போயிக் கலைச்சு விடுறேங்க" என்று மாயழகு பெட்டியை வைத்துவிட்டு அவருக்கு முன்னால் வாசல்படியில் இறங்கினான். இரண்டு படி போனதும்தான் உறைத்தது. இன்னும் இறங்கினால் தோட்டா தலைக்கு மேலே போய்விடும். அங்கேயே நின்றான்.

"விலகுடா" என்றார் பின்னாலிருந்து.

மாயழகு ஒரு படி மேலே ஏறி, முதுகை நிமிர்த்திக்கொண்டான்.