நாலு சனம் வாற இடம்

லண்டன் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தின் பின்னறையில் தவமலர் முழங்காலில் நின்று, சிவப்புக் கூறைச் சேலையின் கொசுவத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

“கொய்யகம் இறங்கிப் போச்சு. கொஞ்சம் தூக்க வேணும்.”

“அசையாமல் நில்லுங்கோ. லிப்ஸ்டிக் இவ்வளவு பூசினது காணுமோ?”

“காணாது, இன்னும் கொஞ்சம் பூச வேணும். வளையல் எங்க? வாசல்ல ஆர் சத்தம்?”

தவமலர் தயங்கினாள்.

“கம்சிகா வந்திருக்கிறாள். உள்ள வரட்டோ எண்டு கேக்கிறாள்.”

“ஆர் கம்சிகா? அவன் றஜீவன்! சீலையோட வந்து நிக்கிறானோ?”

“ஓம். என்ர நீலச் சீலை. வடிவாத்தான் இருக்கு.”

“என்ன வடிவு? ஆம்பிளையாப் பிறந்தவன் சீலை கட்டுறதோ? நாலு சனம் வாற இடம் இது. குடும்ப மானம் போயிடும். இப்பவே திருப்பி அனுப்ப வேணும்!”

அதற்குள் மேடையில் மைக் முழங்கியது.

“முப்பது வருசமாய்ப் பெண் வேடம் கட்டி எங்கட கூத்துக்கலையைக் காப்பாற்றி வாற பாலேந்திரா அண்ணை, இண்டைக்கும் மகாராணியாக வாறார்!”

தவமலரின் கணவர் முந்தானையை இழுத்துவிட்டு, கண்ணாடியில் உதட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இடுப்பை அசைத்து மேடையேறினார்.

மகளைத் திருப்பி அனுப்ப வாசலுக்குப் போனாள் தவமலர். அவள் முதுகுக்குப் பின்னால் நானூறு சனம் எழுந்து நின்று கைதட்டியது.