பதினோராவது சரை

பெட்டி அப்பாவின் மீன் தராசில் தொங்கியது. இருபத்தொரு கிலோ. இருபத்து மூன்றுவரை கொண்டுபோகலாம்.

அதில் அப்பாவின் உடுப்பு ஆறு கிலோகூட இல்லை. மிச்சமெல்லாம் குருநகர்ச் சனம் பாரிசில் இருக்கும் தங்கள் ஆட்களுக்கு அனுப்பும் சாமான். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, இறால் கருவாடு. கடதாசியில் சுற்றிக் கட்டிய ஒன்பது சரைகள்.

என் கொப்பியில் ஏழாவது விதி சிவப்பு மையில் இருந்தது: பிறர் தரும் பொதி எதையும் கொண்டுபோக வேண்டாம்.

விதிகள் பத்தும் நான் எழுதியவை. நல்லூரில் பின்னேரம் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில், பாரிசுக்குப் போகும் பயணிக்குப் பத்து அறிவுரை எழுதச் சொன்னார் வித்தியா ரீச்சர். இருபதுக்குப் பதினான்கு தந்தார். பாரிசை நான் கண்டதில்லை. ரீச்சரும் கண்டதில்லை. அவருடைய தங்கை அங்கே இருக்கிறார். குசினி யன்னலால் பார்த்தால் ஈபிள் கோபுரத்தின் நுனி தெரியுமாம். கிழமைக்கு ஒருமுறையாவது ரீச்சர் அந்த யன்னல் கதையைத் திறப்பார். வகுப்பு சிரிக்கும்.

அண்ணா ஜெனிஸ்ரன் அப்பாவை இருபத்தொரு நாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா விமானம் என்றதுமே மாட்டேன் என்றுவிட்டார். அண்ணா உணவகத்துக்கு விடியப் போனால் இரவுதான் வருவார். அண்ணிக்கும் வேலை. ஞாயிறு தான் கூட்டிப்போய்க் காட்டுவதாகவும், மற்ற நாளெல்லாம் அப்பா வெளியே இறங்கக் கூடாது என்றும் அண்ணா சொல்லிவிட்டார்.

அப்பா வீட்டில் இருக்கும் ஆள் இல்லை. முப்பது வருசம் கடலுக்குப் போனவர். கோபுரத்தைத் தானே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஆனால் தரையில் அவருக்குத் திசை பிடிபடாது. விசா அலுவலாகக் கொழும்புக்குப் போன அன்று, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவரை நாலு மணித்தியாலம் தேடினேன். கடைசியில் மீன் சந்தை ஒன்றில், நீர்கொழும்பு ஆள் ஒருவருடன் வலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கைத்தொலைபேசி என் பைக்குள் இருந்தது.

அதனால்தான் விதிகள்.

மெத்ரோ ரயிலில் பையை முன்பக்கம் போடவும். கடவுச்சீட்டின் பிரதியை வேறாக வைக்கவும். நிலத்தில் கிடந்த மோதிரத்தை எடுத்து, உங்களுடையதா என்று கேட்பவரிடம் நிற்க வேண்டாம். கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுபவரிடமும் நிற்க வேண்டாம். மேட்டில் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்தின் படியடியில் கையில் நூல் கட்ட வருவார்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் வைக்கவும்.

ஒவ்வொன்றாக வாசித்தேன். அப்பா ஓம் ஓம் என்றார். நூலுக்கு மட்டும், பாவம், கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டுமே என்றார்.

ஏழாவதுக்கு வந்தபோது சுவரைப் பார்த்தார்.

"சனம் தருது பிள்ளை. நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

எனக்குச் சனத்தின்மேல் கோபம் வந்தது. வயதுபோன மனுசன், முதல் பயணம், அவர் தலையில் ஒன்பது சரை. அப்பாவால் மறுக்க முடியாவிட்டால் நான் மறுப்பேன் என்று முடிவெடுத்தேன். அதற்குரிய வசனத்தைக் கொப்பியில் எழுதி, இரண்டு முறை வாசித்தும் பார்த்தேன்.

படலை சத்தமிட்டது. பக்கத்து ஒழுங்கை றொசாந்தி அக்கா. கையில் பத்தாவது சரை.

வசனத்தைத் தொடங்கினேன். பாதியில் மறந்துபோனது. மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, மன்னிக்க வேண்டும் என்றே முடித்தேன்.

அக்கா கோபிக்கவில்லை. சிரித்தார்.

"நான் எங்கை குடுத்துவிடக் கேட்டனான்? அங்கை எல்லாம் கடையிலை கிடக்குது. கொப்பர்தான் நேற்று வந்து, பாரிசிலை மச்சாள் எந்த ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்கிறா எண்டு கேட்டு, ஏதும் ஒரு சின்னச் சரை தா எண்டு நிண்டவர்."

அப்பா ஒவ்வொரு வீடாகப் போனாராம். ஸ்ரேசனுக்குத் தூரமாக இருப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம் என்றாராம். எல்லாச் சரையையும் தன் கண்ணுக்கு முன்னால்தான் கட்டவைத்தாராம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி இன்னும் அதில்தான் தொங்கியது.

"ஒண்டைக் கொண்டுபோய்க் குடுத்தால், உள்ளை கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவினம்," என்றார் தராசிடம். "பிறகு அடுத்த ஸ்ரேசனுக்கு அவையளே ஏத்திவிடுவினம்."

பெட்டியை இறக்கித் திறந்தேன். ஒவ்வொரு சரையிலும் பெயருக்குக் கீழே, அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு ஸ்ரேசன். இதை நான் எப்படிக் காணாமல் விட்டேன் என்று தெரியவில்லை. நிறையை மட்டும் மூன்று முறை பார்த்திருந்தேன்.

மெத்ரோ வரைபடத்தை மேசையில் விரித்தேன். சரைக்கு ஒரு புள்ளி வைத்தேன். தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் மூன்று. மிச்சம் அதற்கு மேலே, அண்ணாவின் வீடுவரை. பத்துப் புள்ளிகளும், நகரின் நடுவே ஓடும் ஆற்றுக்கு வடக்கே நின்றன.

மறுபடி எண்ணினேன். கோபுரம் நிற்கும் கரையில் ஒன்றும் இல்லை.

அக்காவின் சரையையும் வைத்துப் பெட்டியை மீண்டும் தொங்கவிட்டேன். இருபத்திரண்டு. இன்னும் ஒரு கிலோவுக்கு இடம் இருந்தது.

அன்று வகுப்பு இல்லை. ஆனாலும் ரீச்சர் வீட்டுக்குச் சைக்கிளை எடுத்தேன். புது வசனத்தை நல்லூர்வரை சொல்லிக்கொண்டே போனேன். இந்த முறை மறக்கவில்லை.

"ரீச்சர், உங்கடை தங்கச்சிக்கு ஏதும் குடுத்துவிடுறியளோ? ஒரு சின்னச் சரையெண்டாலும் காணும்."