கூர்முனை ஷூவின் தீர்ப்பு

தமயந்தியின் கால் கட்டைவிரலில் நகம் சதைக்குள் இறங்கிவிட்டது.

"குத்துகிறாயே பாவி!" என்று சதை அலறியது.

"நீ வீங்கி வந்து முட்டினால் நான் எங்கே போவேன்?" என்று நகம் சீறியது.

இரண்டையும் நெருக்கிக்கொண்டிருந்த கூர்முனை ஷூ ஏளனமாகச் சிரித்தது. "ஒரே விரலில் பிறந்தும் ஒற்றுமை இல்லை. இதுகளை வெட்டி எறிந்தால்தான் சரிப்படும்."

டாக்டர் வெட்டவில்லை. அவர் சொன்னபடி தமயந்தி ஷூவைக் கழற்றிப் போட்டாள். தினமும் வெந்நீரில் காலை ஊறவைத்து, நக ஓரத்தின் அடியில் துளிப் பஞ்சை வைத்தாள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. நகமும் சதையும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருந்தன.

அகலச் செருப்பில் அவள் கிளம்பியபோது, அலமாரியிலிருந்த ஷூ மற்றச் செருப்புகளிடம் பெருமையாகச் சொன்னது:

"நான் போட்ட அதட்டலில் எப்படி அடங்கிவிட்டன, பார்த்தீர்களா?"